கண்ணெழுதும் வண்ணமும் வாங்காத பெட்டியும்



சென்ற பொங்கல் விடுமுறையில் என் தமையன் மகள் கோவையிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள். கையிலிருந்த பேசியில் ஒரு படத்தை எனக்குக் காட்டினாள். உள்ளங்கை அகலமுள்ள தட்டையான பெட்டி ஒன்று. அதனுள் மூன்று வரிசைகளில் 18 வண்ணப் பொடிகள். கண்ணிமைமேல் பூசுவதற்கானவை. ஐஷேடோ பேலட் என்று அதற்குப் பெயராம். இளம்பெண்களிடையே இப்பொழுது பேச்செல்லாம் அதைப் பற்றியே என்றாள். தோழியர் பலர் வாங்கிவிட்டனர். விரைவில் தீர்ந்துவிடும் என்னும் எச்சரிக்கையும் படத்தின் அடியில் காணப்பட்டது.

“நீ வாங்கப் போகிறாயா, அம்மா?” என்று கேட்டேன்.

“இல்லை, அத்தை. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். என்னிடம் முன்பே இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு நிறத்துக்காவது அடித்தகடு இன்னும் கண்ணில் படவில்லையே!” என்றாள்.

பொடியைத் தகரக் கிண்ணத்தில் வைத்து அழுத்தித்தான் இப்பெட்டிகளைச் செய்கிறார்கள். நாள்தோறும் விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தால் நடுவே பள்ளம் விழுந்து ஒருநாள் தகரம் தெரியும். அது தெரிந்தால்தான் பொருளைப் பயன்படுத்தினோம் என்று பொருள். நான் வரலாறு கற்பிப்பவள். அடியில் விழும் அந்தப் பள்ளத்தைப் பற்றி அவள் பேசியதும் என் நினைவு நைல் நதிக் கரையிலுள்ள சில பழைய புதைகுழிகளை நோக்கிச் சென்றது. கண்ணுக்கு வண்ணம் தீட்டுவதும், அவ்வண்ணத்தை ஒரு பலகையில் வைத்துப் பேணுவதும் புதியன அல்ல. அவற்றுக்கு ஆறாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எகிப்தில் அரசர்கள் தோன்றுவதற்கு முன்பே மக்கள் இமைகளில் பச்சை வண்ணம் தீட்டினார்கள். மாலகைட் என்னும் செம்புக் கனிமத்தை அரைத்தால் அப்பச்சை கிடைக்கும். அரைப்பதற்கு ஒரு கற்பலகை வேண்டும். கீழைப் பாலைவனத்தில் வாடி ஹம்மாமத் என்னும் பள்ளத்தாக்கிலிருந்து கொணர்ந்த கரும்பச்சை நிறக் கல்லில் அப்பலகைகளைச் செதுக்கினர். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வழங்கும் பெயரும் பேலட் என்பதே. 1894, 1895ஆம் ஆண்டுகளில் பிளிண்டர்ஸ் பீட்ரி என்னும் ஆங்கிலேய அகழ்வாய்வாளர் நகாடா என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கான புதைகுழிகளைத் தோண்டினார். அவற்றுள் பலவற்றில் இறந்தவரின் உடலருகே அரைகற்பலகையும், அரைக்கும் கூழாங்கல்லும் இருந்தன. சில பலகைகளில் பச்சைக் கறை இன்றும் மாறாமல் இருக்கிறது. பயன்படுத்திப் பயன்படுத்தி நடுப்பகுதி தேய்ந்து குழிந்த பலகைகளும் உண்டு. என் தமையன் மகள் தேடிய அடித்தகடு அங்கே கல்லிலேயே விழுந்திருந்தது.

அக்காலத்தார் புதுமையை விரும்பாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். பலகைகளின் வடிவமும் மாறிக்கொண்டேதான் வந்தது. முதலில் சாய்சதுரமாக இருந்தவை பின்னர் மீனாகவும் ஆமையாகவும் பறவையாகவும் செதுக்கப்பட்டன. அதன் பின்னர் எளிய நீள்சதுரமாயின. எழுத்து இல்லாத அக்காலத்தின் குழிகளைக் காலவரிசைப்படுத்துவதற்குப் பீட்ரி மட்பாண்டங்களின் வடிவ மாற்றத்தைத் துணையாகக் கொண்டார். பலகைகளையும் அவ்வாறே வகைப்படுத்தினார். ஒரு வடிவம் வழக்கிலிருந்து மறைந்து மற்றொன்று நிலைபெறப் பல தலைமுறைகள் கழிந்தன. பாட்டியின் பலகையும் பேத்தியின் பலகையும் ஏறத்தாழ ஒன்றே போல் இருந்திருக்கும். நம் காலத்துக் குப்பைத் தொட்டியை எதிர்கால ஆய்வாளர் ஒருவர் கிளறினால், ஆண்டைக் கூட அன்று, மாதத்தையே கணித்துவிடுவார்!

எகிப்திய வரலாற்றின் தொடக்கத்தைக் காட்டும் புகழ்பெற்ற சான்றும் இத்தகைய பலகைதான். ஏறத்தாழ கி.மு. 3100ஐச் சேர்ந்த நார்மர் மன்னனின் பலகை அது. உயரம் சுமார் 64 செண்டிமீட்டர். ஹியராகோன்போலிஸ் என்னும் தொல்லூரில் 1898இல் குயிபெல், கிரீன் என்னும் இருவர் அதைக் கண்டெடுத்தனர். பகைவனை வீழ்த்தும் மன்னனைப் பாடநூல்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலகையின் மறுபக்கத்தில் இரண்டு விலங்குகள் தம் நீண்ட கழுத்துகளைப் பின்னி நிற்கின்றன. அக்கழுத்துகளுக்கு நடுவே வட்டமான பள்ளம் ஒன்று உண்டு. மை அரைக்கும் பள்ளம் அது. கோயிலுக்கு அளித்த காணிக்கையாதலால் அதில் எவரும் நாள்தோறும் மை அரைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஓர் அரசு தன் வெற்றியைப் பொறிக்க ஒப்பனைப் பலகையின் வடிவத்தைத் தேர்ந்ததென்றால், அப்பொருளுக்கு அம்மக்களின் வாழ்வில் இருந்த இடம் விளங்குகிறதன்றோ?

நாளடைவில் பச்சைக்குப் பதிலாகக் கருமை மேலோங்கியது. கலீனா என்னும் ஈயக் கனிமத்தை அரைத்த மை அது. செங்கடற் கரையோர மலைகளிலிருந்து அது வந்தது. அயல்நாட்டு வணிகரும் கொணர்ந்தனர். பெனி ஹசன் என்னுமிடத்தில் க்னும்ஹோதெப் என்ற பெரியவரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ கி.மு. 1890இல் ஆசியாவிலிருந்து வந்த 37 பேர் கண்மை கொணர்ந்த செய்தி ஓவியமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. வண்ண ஆடை உடுத்து, கழுதையும் குழந்தைகளும் உடன்வர, அவர்கள் நடந்து வருகின்றனர்.

மை இட்டவர் பெண்கள் மட்டும் அல்லர். ஆண்களும் இட்டனர், குழந்தைகளுக்கும் இட்டனர். பாலைவன ஒளியையும் புழுதியையும் ஈயையும் தாங்க வேண்டிய கண்களுக்கு அது மருந்து என்று கருதினர். மருத்துவச் சுவடிகளில் அதற்குரிய குறிப்புகள் உள்ளன. பாரிஸ் நகரில் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள பழைய மைச் சிமிழ்களை ஆராய்ந்த பிலிப் வால்டர் குழுவினர் 1999இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டனர். அம்மையில் இயற்கையில் அரிதாகவே கிடைக்கும் சில ஈய உப்புகள் கலந்திருந்தன. ஈய ஆக்சைடுடன் உப்பும் நீரும் சேர்த்து, நாள்தோறும் நீரை மாற்றிப் பல வாரம் காத்திருந்தால்தான் அவை உண்டாகும். அத்தனை பொறுமையுடன் வேண்டுமென்றே அவற்றை ஆக்கியிருக்கின்றனர். அவ்வுப்புகள் மிகச் சிறிய அளவில் உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று அக்குழுவினர் 2010இல் எழுதினர். இதைக் கேட்டு ஈய மையை எவரும் நாடிவிடலாகாது. ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையை அது கெடுக்கும் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த உண்மை. ஈயம் கலந்த சுருமாவை மருத்துவர்கள் கடிந்து விலக்குவதும் அதனாலேயே.

நம் நாட்டில் கண்ணுக்கு மை எழுதும் வழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். மை எழுதும் கோல் திருக்குறளில் 1285ஆம் குறளில் உவமையாக வருகிறது. அதனினும் என்னைக் கவர்ந்தது 1127ஆம் குறள். தன் காதலர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார், மை தீட்டினால் அவர் மறைந்துவிடுவாரே என்று அஞ்சித் தீட்டாமல் விடுகிறாள் தலைவி. கண் வண்ணத்தை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் குரல் அவ்வளவு பழமையானது என்று என் தமையன் மகளிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். “என் காரணம் அவ்வளவு அழகானதில்லை, அத்தை” என்றாள்.

அக்காலத்து மை வீட்டில் கூட்டப்பட்டது. அல்லது ஊர்ச் சந்தையில் நிறுத்து வாங்கப்பட்டது. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து எண்ணெய் குழைத்து மை கூட்டும் பாட்டிமார்களை நானே கண்டிருக்கிறேன். சிமிழ் காலியானால்தான் அடுத்த கூட்டு. இந்த ஒழுங்கு மாறியது இருபதாம் நூற்றாண்டில். அதுவும் பெரும்பாலும் அமெரிக்காவில்.

1915இல் சிகாகோ நகரில் டி. எல். வில்லியம்ஸ் என்பவர் இமைமயிர் மையை அஞ்சல் வழி விற்கத் தொடங்கினார். தம் சகோதரி மேபலின் பெயரைக் கொண்டு மேபலீன் என்று அந்நிறுவனத்துக்குப் பெயரிட்டார். அதே காலத்தில் பேசாப் படங்களும் வளர்ந்தன. 1917இல் தீடா பாரா என்ற நடிகை கிளியோபாத்ராவாகக் கண்ணைச் சுற்றிக் கரிய வண்ணம் தீட்டி நடித்தார். அப்படம் சிறு துணுக்குகள் தவிர இன்று அழிந்துவிட்டது. அந்த ஒப்பனையோ நிழற்படங்களில் வாழ்கிறது. 1922இல் துட்டன்காமனின் கல்லறை திறக்கப்பட்டதும் எகிப்தியப் பாணி மேல்நாடுகளில் பெரும் மோகமாயிற்று. ஆடையில், அணியில், கட்டடத்தில், கண்ணிமையில் எல்லாம் எகிப்து. மீண்டும் 1963இல் எலிசபெத் டெய்லர் நடித்த கிளியோபாத்ரா படம் நீல, பச்சை இமை வண்ணங்களைப் பரப்பியது. மூவாயிரம் ஆண்டு நிலவிய வழக்கம் ஒன்று இரண்டு திரைப்படங்களுக்கு இடையே இரண்டுமுறை புதுமையாக விற்கப்பட்டது!

பொருள் புதிதன்று, விற்கும் முறையே புதிது. 1929இல் கிறிஸ்டின் பிரெடரிக் என்ற அமெரிக்க இல்லப் பொருளியல் அறிஞர் பெண்களுக்குப் பொருள் விற்பது பற்றி ஒரு நூல் எழுதினார். விற்பவர்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. ஒரு பொருள் தேய்ந்து ஓயுமுன்னே அதை ஒதுக்கிப் புதியதை வாங்கும் பழக்கத்தை அவர் குறையாகக் கருதவில்லை; நாட்டின் செல்வத்தைப் பெருக்கும் பண்பு என்று போற்றினார். மோட்டார் வண்டித் தொழிலில் ஆண்டுதோறும் வடிவை மாற்றும் முறை வேரூன்றிய காலம் அது. ஆனால் அந்த 1929இலேயே நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. பழையதை ஒதுக்கும் வசதி பல குடும்பங்களுக்கு இல்லாமற் போயிற்று. நூலாசிரியரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் மறைக்காமல் எழுதியதைத்தான் இன்றைய விளம்பரங்கள் மறைத்துச் செய்கின்றன. சிறிது காலமே கிடைக்கும் என்னும் எச்சரிக்கை சரக்கின் அளவைக் குறிப்பதைக் காட்டிலும் நம் ஆராயும் நேரத்தைக் குறைப்பதற்கே பெரிதும் பயன்படுகிறது என்பது என் எண்ணம்.

ஆராயாமல் வாங்கியதன் விலை கண்ணாகவே இருந்த காலமும் உண்டு. 1933ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்கப்பட்டது. நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கிய சாயம் அதில் இருந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்களுக்குக் கண்கள் வீங்கிப் புண்ணாயின. ஒருவர் பார்வையை இழந்தார். ஒருவர் உயிரையே இழந்தார். அரசு அதைத் தடுக்க இயலவில்லை. ஏனெனில் 1906இல் இயற்றிய சட்டம் உணவையும் மருந்தையும் பற்றியதேயன்றி ஒப்பனைப் பொருளைப் பற்றியதன்று. பார்வை இழந்தவரின் படங்களை உணவு மருந்து அலுவலகத்தார் காட்சிக்கு வைத்தனர். 1934இல் எம். சி. பிலிப்ஸ் என்ற பெண்மணி அழகுப் பொருள்களின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து ஒரு நூலெழுதினார். வாங்குமுன் சோதித்துச் சொல்லும் நுகர்வோர் சங்கம் ஒன்றின் பணியிலிருந்து பிறந்தது அந்நூல். இவ்வளவும் நடந்தும் சட்டம் உடனே வரவில்லை. 1937இல் நச்சுக் கரைப்பான் கலந்த ஒரு மருந்துநீர் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பின்னரே, 1938 ஜூனில் புதிய சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் முதன்முதல் பறிமுதல் செய்யப்பட்ட சரக்கு அந்த இமைச்சாயந்தான். நம் நாட்டில் 1940இல் இயற்றிய மருந்துச் சட்டம் 1962இல் திருத்தப்பட்டபோதுதான் ஒப்பனைப் பொருள்களும் அதன் வரம்புக்குள் வந்தன.

இதுவரை வாங்குபவரைப் பற்றிச் சொன்னேன். என் தமையன் மகள் படத்தில் காட்டிய பெட்டியில் பாதி நிறங்கள் மின்னின. அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது? அப்பிரகம் என்று நூல்களும், காக்காப்பொன் என்று நம் ஊராரும் சொல்லும் மைக்காவிலிருந்து வருகிறது. மைக்காவை மிக மெல்லிய செதில்களாக்கி, அவற்றின்மேல் டைட்டானியம் ஆக்சைடை ஒரு படலமாகப் படியச் செய்கிறார்கள். படலத்தின் கனம் சிறிது மாறினால் அதிலிருந்து திரும்பும் ஒளியின் நிறமும் மாறும். சோப்புக் குமிழியில் வானவில் தோன்றுவது போன்றதே இதுவும்.

அம்மைக்காவில் ஒரு பகுதி ஜார்க்கண்டு மாநிலத்தில் கோடர்மா, கிரிதி மாவட்டங்களிலிருந்தும் பீகாரின் எல்லைப் பகுதியிலிருந்தும் செல்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் மின்கருவிகளுக்கும் வானொலிப் பெட்டிகளுக்கும் வேண்டிய தரமான தகடுகளை உலகுக்கு அளித்த நிலம் அது. பின்னர் மாற்றுப் பொருள்கள் வந்தன. 1980இல் காடு காக்கும் சட்டம் வந்ததும் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. கைவிடப்பட்ட குழிகளிலும் குவியல்களிலும் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி விற்பது ஏழைக் குடும்பங்களின் பிழைப்பாயிற்று. பெற்றோருடன் பிள்ளைகளும் பொறுக்குகிறார்கள். பள்ளி செல்ல வேண்டிய வயதில் எலிவளை போன்ற குழிகளுக்குள் இறங்குகிறார்கள். மண் சரிந்து பிள்ளைகள் இறந்ததும், அச்சாவுகள் வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டதும் 2016இல் செய்தியாளர்களின் விசாரணையால் உலகுக்குத் தெரிந்தன.

இதைச் சொன்னதும் என் தமையன் மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “நான் ஒருத்தி வாங்காமல் இருந்தால் என்ன ஆகப் போகிறது?” என்று கேட்டாள்.

அக்கேள்வியை இங்கிலாந்தில் 1791இலேயே கேட்டிருக்கிறார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் அடிமை வாணிகத்தை ஒழிக்க வந்த தீர்மானத்தை நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் அவை 88க்கு எதிராக 163 வாக்குகளால் தள்ளிவிட்டது. வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்பதே அதன் வேண்டுகோள். வாரம் ஐந்து பவுண்டு சர்க்கரை வாங்கும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அதை நிறுத்தினால் ஓர் அடிமையைக் காக்கலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கின் துல்லியத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுக்கு எது வாங்குவது என்பதை முடிவு செய்தவர்கள் பெண்கள். வாக்குரிமை இல்லாத அவர்கள் கையில் அந்த முடிவு இருந்தது. ஏறத்தாழ 3,00,000 பேர் சர்க்கரையை விட்டனர் என்று அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அடிமை வாணிகம் 1807இல்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. சர்க்கரையை விட்டதால் மட்டுமே அவை நேர்ந்தன என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்லமாட்டார். அடிமைகளின் கிளர்ச்சிகளும் பிற காரணங்களும் பெரியவை. எனினும் தேநீர் மேசையில் அமர்ந்த எளிய குடும்பங்கள் தொலைதூரத் தீவொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

மைக்காவின் நிலை சர்க்கரையைப் போன்றதும் அன்று. கோடர்மாவில் அத்துண்டுகளைப் பொறுக்குவோர்க்கு வேறு தொழில் மிகக் குறைவு. எல்லா நாட்டாரும் ஒரே நாளில் வாங்குவதை நிறுத்தினால் அவர்கள் அடுப்பும் அணைந்துவிடும். அதனாலேயே 2017இல் பாரிஸ் நகரில் தொடங்கிய பொறுப்புள்ள மைக்கா அமைப்பு, வாங்குவதை நிறுத்தச் சொல்லாமல், சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தேடியறிவதையும், அவ்வூர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதையும் தன் வேலையாகக் கொண்டது. சில நிறுவனங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கை மைக்காவுக்கு மாறிவிட்டன. அவற்றின் பெட்டியில் குழந்தையின் உழைப்பு இல்லை. கோடர்மாக் குடும்பத்துக்குக் கூலியும் இல்லை.

“அப்படியானால் நான் வாங்காதது சரியா, தவறா?” என்று அவள் மறுபடியும் கேட்டாள். அவளுடைய காரணம் அதுவன்று என்பதை நினைவூட்டினேன். தேவைக்கு மேல் இருப்பதால் வாங்கவில்லை; அந்த முடிவுக்குக் கோடர்மாவின் துணை வேண்டியதில்லை. இருப்பவை தீர்ந்து, அடுத்த பெட்டி வாங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்விதான் வேறு. அவள் தன்னிடமுள்ள இரண்டு பெட்டிகளையும் எடுத்துவந்து, பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைச் சன்னலோரம் வைத்துப் படித்தாள். மைக்கா என்ற பெயர் இரண்டிலும் இருந்தது. எந்த ஊர் மைக்கா என்பது ஒன்றிலும் இல்லை. அதைக் கேட்டு அந்நிறுவனங்களுக்கு எழுதப் போவதாகச் சொல்லி, அன்று மாலையே கடிதத்தின் முதல் வரியை என்னிடம் படித்துக் காட்டினாள்.